பச்சைச் சட்டை

ஈரம் உலராத சட்டையைக் கொக்கியில் மாட்டினால் தோள்பக்கம் தொங்கிப்போகும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பதினான்கு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

நீங்கள் கேட்டதற்கு விடை சட்டைகளில்தான் தொடங்குகிறது. பயிற்சியில், ஒன்றாகக் களமிறங்கும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறச் சட்டை. சிறந்த ஆட்டக்காரிகளான முதல் வரிசைக்குப் பச்சை. அடிபட்டுத் தேறிவருபவளுக்கு மஞ்சள். மஞ்சள் அணிந்தவள்மீது யாரும் மோதக் கூடாது. அவரவர் இடத்தில் தொங்குவதை அணிய வேண்டும். ஏன் இந்த நிறம் என்று கேட்பது எங்களிடையே இழுக்கு.

நிறங்களை மாட்டுவது லெய்னியின் வேலை. என்னிடம் பயிற்சி பெற்று ஆடியவள், மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சமமான பதவியில் வந்து சேர்ந்தாள். திறமைசாலி. அதை நான் மறுத்ததே இல்லை. பெண்கள் என் அறையைக் கடந்து அவள் அறைக்குப் போவார்கள். சுவர் வழியே சிரிப்புக் கேட்கும். தலைமைப் பயிற்சியாளர் ஓய்வை அறிவித்தபோது, கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "ஹெடி, நீங்க இல்லாம இந்த டீமே இல்ல. லெய்னிக்கு நீங்கதான் பக்கபலமா இருக்கணும்." இருப்பதாகச் சொன்னேன்.

தலைமைப் பதவிக்கான அவளுடைய நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தலைமைப் பயிற்சியாளரும் அங்கேதான் இருந்தார். நிறங்களை முந்தைய மாலையே அவள் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். டெஸ் கோவாச் என்ற இரண்டாம் ஆண்டு மாணவிக்கு மஞ்சள்; தலையில் அடிபட்டுப் பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. நான் மஞ்சளை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு அவள் இடத்தில் பச்சையை மாட்டினேன். சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"ஏய் கோவி, உனக்குப் பச்சையா? யாரைடி காக்கா பிடிச்சே?" என்றாள் ஒருத்தி. "டாக்டர் சரின்னுட்டாரா?"

"பச்சை தொங்குதுல்ல? அப்ப சரின்னுதானே அர்த்தம். லெய்னிக்கு என் அருமை இப்பதான் தெரிஞ்சிருக்கு. போடி, வயித்தெரிச்சல் பிடிச்சவளே" என்றாள் டெஸ்.

பனிக்களத்தின் மூலையில் வட்டுக்காக இருவர் மல்லுக்கட்டும் பயிற்சியை நடத்தினேன். அது அட்டவணையில் இருந்ததுதான். மூன்றாம் முறை டெஸ் களத்தைச் சுற்றியுள்ள பக்கப் பலகையில் தலை மோதி விழுந்தாள்.

விசாரணையில், லெய்னி நிறங்களை மாட்டியதைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. மஞ்சளைத்தான் மாட்டியதாக அவள் அழுதாள், யாரும் நம்பவில்லை. அவளை நீக்கினார்கள். தலைமைப் பதவிக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

டெஸ் மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போகிறேன். தாயின் பெயர் அவளுக்கு நினைவில்லை; லெய்னியின் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. லெய்னி இன்றும் வியாழன்தோறும் வருகிறாளாம். செவிலியர் அதை என்னிடமே புகழ்கிறார்கள். சென்ற மாதம் டெஸ் என் கையைப் பிடித்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"லெய்னி" என்றேன்.

அவள் சிரித்தாள். பதினான்கு ஆண்டுகளில் எந்தப் பெண்ணும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

அதன் பின்புதான், லெய்னியை உள்ளே விட வேண்டாம் என்று, நீங்கள் ஏன் என்று கேட்ட அந்தக் கடிதத்தை இல்லத்துக்கு எழுதினேன். வியாழக்கிழமைகளில் வேறொருத்தி வந்து தானே லெய்னி என்று சொன்னால், பிள்ளை குழம்பிப்போவாள் அல்லவா? அவள் நலனைப் பார்க்க யாராவது ஒருவர் வேண்டும்.