யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதாத மின்னஞ்சல்

எங்கள் பாலிடெக்னிக்கின் வேலைவாய்ப்பு அலுவலராய் வீற்றிருந்து, வேலை தேடி வந்த விழிகளுக்கெல்லாம் வெளிச்சம் காட்டி, இன்று பணி நிறைவு பெறும் பண்பின் பெட்டகம், கொங்கு தந்த கோமான் திரு. குமாரசாமி அவர்களின் திருமுன், உடன் உழைத்த உள்ளங்கள் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

வேலைக்கு வழிகாட்டிய வள்ளலே!

கல்யாணப் பந்தியில் ஆலை முதலாளிக்குப் பக்கத்து இலை பார்த்து அமர்ந்து, பாயசம் வருவதற்குள் பத்துப் பையன்களின் பெயரைச் சொல்லி முடிக்கும் வித்தையைத் தங்களிடமன்றி வேறெவரிடம் கண்டோம்! சோமனூரிலும் காங்கேயத்திலும் இன்று சம்பளம் வாங்குவோர் பலரின் வேலை அப்படிப் பந்தியில் பிறந்ததே.

புதுமையைப் புறந்தள்ளாத பெருந்தகையே!

ஈராண்டுக்கு முன் நம் அலுவலகத்துக்கு இணையம் வந்தது. தொலைபேசிக் கம்பி கீச்சிட்டுக் கதறி இணைப்புக் கிடைக்கும்வரை கைகட்டிக் காத்திருந்த தாங்கள், பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் பரவிக் கிடந்த பழைய மாணவர்களை மின்னஞ்சலில் ஒன்று திரட்டினீர்கள். ஒரு பையனுக்கு வேலை கேட்டு எழுதிய முதல் அஞ்சலோ, அடடா, முகூர்த்தப் பத்திரிகையேதான்! பையனின் ஊர், குலக்கூட்டம், தாத்தா பெயர், தாய்மாமனின் எண்ணெய் ஆலை எல்லாம் இருந்தன. பையனுக்கு என்ன தெரியும் என்பது மட்டும் இல்லை. "ஐயா, நாங்க பொண்ணு குடுக்கலீங்க, வேலதான் குடுக்கறோங்க" என்று பெங்களூரிலிருந்து பதில் வந்தபோது, எங்களைவிட உரக்கச் சிரித்தவர் தாங்களே. அன்றே ஒரு விதி செய்தீர்கள்: யார் வீட்டுப் பிள்ளை என்று இனி எழுதுவதில்லை, கைக்கு என்ன வேலை வரும் என்பதை மட்டுமே எழுதுவது.

நடுவுநிலை நழுவாத நல்லவரே!

அந்த விதி தங்களையே சோதித்தது. பெங்களூரில் மின்னணுக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஒரே ஓர் இடம். கேட்டவர் இருவர். ஒருவர் தங்கள் அக்கா பூவாத்தாள் அவர்களின் மகன் கிருபாசங்கர். மற்றவர் கோட்டைமேட்டு மாணவி சாஜிதா பேகம், வகுப்பில் முதலாவதாகத் தேறியும், "யாரு சொல்லி வந்தீங்க?" என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பெயரின்றி ஆலை வாசல்தோறும் திரும்பியவர். எந்தப் பந்தியிலும் அவருக்காகப் பேச ஆளில்லை. இதுவும் கைநழுவினால் வேலை தேடுவதையே விட்டுவிடுவதாக எங்களிடம் அழுதார். தாங்கள் எழுதினீர்கள்: "சாஜிதா எரிந்த சர்க்யூட் போர்டையும் பிரித்துப் பழுது பார்ப்பார். கிருபாசங்கர் நன்றாகப் படித்தவர். கருவியைத் தொட்டுப் பழக்கம் குறைவு." வேலை சாஜிதாவுக்குக் கிடைத்தது.

அஞ்சலில் இருந்த சேதி காதில் விழுந்து, மறுநாளே பூவாத்தாள் அவர்கள் அலுவலகத்துக்குள் புயலாய் நுழைந்தார். "ஏந்தம்பி, பொறந்தவ பையனுக்குப் பழக்கம் பத்தாதுன்னு நீயே எழுதிப்போட்டியா? நல்லா இருப்பே, போ!"

தாங்கள் எழுந்து நின்று, "இருக்கறதத்தானுங்க்கா எழுதுனேன்" என்றீர்கள். அதன்பின் அக்கா தங்களோடு பேசவில்லை. பொங்கலுக்குத் தாங்கள் கொண்டுபோன சீரும் வாசலோடு திரும்பி வந்தது. அன்று தாங்கள் மதியச் சோறு உண்ணாததை நாங்கள் கண்டோம்.

ஆயினும் விதியை மாற்றினீர்களா? இல்லை! இன்று உள்ளூர் ஆலைக்காரர்களே, "அந்த மெயில்ல நல்ல ஆளு இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். கிருபாசங்கரும் ஒரு பட்டறையில் சேர்ந்து கைப்பழக்கம் பெற்று வருகிறார். இனி வேலை இந்த வழியாகத்தான் வரும். எங்களுக்கு அதில் ஐயமில்லை.

பாசம் மறைக்கத் தெரியாத பெரியவரே!

தங்களுக்குத் தெரியாமல் ஒன்று செய்தோம், பொறுத்தருள்க. இவ்விழா அழைப்பைப் பூவாத்தாள் அவர்களின் வீட்டுக்கு நாங்களே கொண்டுபோனோம். வாங்கி வைத்தார், காப்பி கொடுத்தார், தங்களைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போதுதான் கேட்டார்: "அந்தப் பொண்ணு அங்க நல்லா இருக்குதுங்களா?"

நன்றாக இருக்கிறார் என்றோம்.

"அப்பச் செரி. விழாவுக்கு வாரேன்னு தம்பிகிட்டச் சொல்லீருங்க" என்றார்.

உடல் நோயறியாது, உள்ளம் சோர்வறியாது, சுற்றம் சூழ நெடிது வாழ்க! இன்று அக்கா வீட்டில் கை நனைத்துவிட்டே தங்கள் இல்லம் ஏகுக!

கோவை
31.3.1999

தங்களைப் பிரிய மனமில்லா
அலுவலகப் பணியாளர்கள்