பிரட்டுக் களத்தில் நின்றவன்

கண்டியிலிருந்து வத்தேகம போகும் ரயிலில், எனக்கெதிரே பன்வில பக்கத்துத் தோட்டப் பெண் ஒருத்தி. சிறையில் புருசனைப் பார்த்துவிட்டு வருகிறாள். பக்கத்தில், அவளுக்குத் தெரிந்த முஸ்லிம் கடைக்காரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்; காது திரும்பவில்லை.

“கிறுக்குப் புடிச்சவன் வரிசையில நிக்க மாட்டானாம், நானா. ஜெயில் டாக்குத்தர் சொல்றாரு.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டாங்களா புள்ள?”

“மாட்டாங்களாம். மணி அடிச்சதும் மொத ஆளா வந்து நிக்கிறாராம். பேரு கூப்புட்டா ‘ஐயா’ங்கிறாராம். புத்தி தெளிவா இருக்காம்.”

“வீட்டுல இருந்த நெலமய சொல்லலியா நீ?”

“சொன்னேங்க. காலையில பேரு கூப்புடுற பிரட்டுக் களத்துக்கு நடுச்சாமத்துலயே போயி, மழையில தன்னந்தனியா நிப்பாருன்னேன். யாருமே கூப்புடாம ‘ஐயா, ஐயா’ம்பாருன்னேன். இழுத்துட்டு வரப் போன காவக்காரனை அடிச்சதுக்குத்தான் உள்ள போட்டாங்கன்னு, அம்புட்டையும் சொன்னேன்.”

“அதுக்கு டாக்குத்தர் என்ன சொன்னார்?”

“சிரிச்சாரு, நானா. இப்படி ஒரு ஆளு கெடைக்க உங்க தோட்டத்துத் தொரை குடுத்து வச்சிருக்கணும்னாரு.”