மருந்துத் தண்ணி

தண்ணி கூட வேண்டாங்களா? மோருங்க, இப்பத்தான் கடைஞ்சது. வேண்டாமா. ஏனுங்க, கம்பெனி ரூலுங்களா? ஒரு கோழிப்பண்ணையில வாய் நனைச்சா அடுத்த பண்ணைக்குச் சீக்கு போயிருமா. செரிங்க. உங்க பாட்டில்ல இருக்கறதையே குடிங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கலைங்க.

சேர்லயாவது உக்காருங்க மேடம். தொடச்சுத்தான் போட்டிருக்கறேன். ஷெட்டுச் சாவி பையன்கிட்ட இருக்குது, வந்துருவான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் பம்புசெட்டுக்குப் போறேன்னு கெளம்புனவன்தான். வந்துருவான், வந்துருவான்.

கோவிச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் படபடன்னு பேசுவேன். நீங்க எழுதறதுலதான இருக்குது எல்லாம். ஷெட்டு செரியா இருக்குதுன்னு சூப்பர்வைசர் நீங்க எழுதுனா கம்பெனி குஞ்சு எறக்கும், இல்லீன்னா இல்ல. ஆடியில காலியான ஷெட்டுங்க இது. மார்கழி வந்துருச்சு. தை பொறந்ததும் எம்பையன் ஆனந்தகுமாருக்கு மொகூர்த்தம் வெச்சிருக்கறோம். பொண்ணோட அப்பன் ரயில் ஏறி வாராரு. மாப்ள அஞ்சாயிரம் கோழிக்கு மொதலாளின்னு தரகர் அவருகிட்டச் சொல்லிப்போட்டாரு. அந்த மனுசன் ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வந்து எட்டிப் பாத்தா, உள்ள தரையில விரிச்ச தேங்கா நாரு மட்டும் கெடந்தா நல்லா இருக்குமுங்களா? திரும்பப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவாரு. இவனுக்கு முப்பத்தஞ்சு ஆகுதுங்க. இது தவறுனா இனி ஒண்ணும் அமையாது.

மொதலாளியாம். கேக்க நல்லாத்தான் இருக்குது. எடம் எங்களுது, ஷெட்டு எங்களுது, கரண்டு பில்லு எங்களுது. குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, வளந்தா கோழி கம்பெனியோடது. கோழிப் பீ எங்களுது. அப்படித்தான் அக்ரிமெண்டுன்னு எம்மக சத்யபிரியா படிச்சுச் சொன்னா. நாங்க கொழம்பு வெக்கோணும்னா ஆட்டையாம்பட்டிக்குப் போயிக் கறி வாங்கியாறோம். போன வருசம் எங்கயோ பிரேசில்ல தீவனத்துக்குப் போடற சோயா வெளையலையாம், அதுக்கு எங்க வளப்புக் கூலியக் கொறச்சாங்க. நான் பிரேசிலப் பாத்ததே இல்லைங்க. அவியளும் என்னையப் பாத்ததில்ல.

ஆமாங்க, சீக்கு வந்தது என்னாலதான். உங்களுக்குத்தான் தெரியுமே, மறுபடி எதுக்குக் கேக்கறீங்க? அடுத்து வராதுன்னு தெரியோணுமா. செரி, சொல்றேன்.

ஆனிக் கடைசியில எடப்பாடிப் பக்கம் இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சுங்க. மாப்ள ஊடு பாக்க வண்டி நெறைய வந்து எறங்குனாங்க. ஊட்டப் பாத்தாங்க, காட்டப் பாத்தாங்க, பொண்ணோட தாய்மாமன் ஷெட்டையும் பாத்தரலாம்னாரு. வாசல்ல உங்க தொட்டி இருக்குது, மருந்துத் தண்ணியோட. ஏனுங்க மேடம், நீங்களே சொல்லுங்க. பட்டுச் சேலை கட்டி, வெத்தல பாக்கோட சம்பந்தம் பேச வந்த ஒறம்பரைய, அந்தப் பினாயில் நாத்தத்துல கால முக்கிட்டு வாங்கன்னு நான் எந்த வாயில சொல்றது? நாங்க வந்தவங்க காலுக்குச் சொம்புல நல்ல தண்ணி குடுக்கற சாதி சனம். அதனால ஒரு பலகையத் தொட்டி மேல போட்டு, அதுக்கு மேல ஒரு சமுக்காளத்த விரிச்சு, வாங்க வாங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போனேன். தாய்மாமன் ஊட்டுல நாட்டுக்கோழி இருந்துச்சாம். அதுக்குக் கழிச்சலாம். அத அவரு எங்ககிட்டச் சொல்லுல, நாங்களும் கேக்குல. ஒறம்பரைகிட்ட உங்கூட்டுக் கோழிக்குப் பேதி போகுதான்னா கேப்பாங்க?

அந்த வாரமே ஆரம்பிச்சுருச்சுங்க. வெள்ளக் கழிச்சல். நீங்க வந்து செத்த கோழியெல்லாம் குழி வெட்டிப் பொதைக்கச் சொன்னீங்க. இவனே வெட்டி இவனே பொதைச்சான்.

சம்பந்தமா? அது அன்னைக்கே போயிருச்சு. பையன் கம்பெனியில வேலை செஞ்சா குடுப்போம், கம்பெனிக் கோழி மேய்க்கறவனுக்குக் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. அதையும் மோரு குடிச்சுட்டுத்தான் சொன்னாங்க.

இப்பப் பலகையத் தூக்கி அடுப்புல வெச்சுட்டேன். பொண்ணோட அப்பன் என்ன, அந்த ஊரு ராசாவே வந்தாலும் கால முக்கிட்டுத்தான் உள்ள. இத நீங்க எழுதிக்கலாம்.

பொண்ணு ஒடிசாவுங்க. ஆமாங்க, அத்தன தூரந்தான். தீனதயாளன்னு தரகர், முன்ன ரிக்கு லாரியில போனவரு. போர் போடறதுக்கு ஒடிசாவுல ஊர் ஊராச் சுத்துனவரு. இப்பத் தண்ணியெல்லாம் கீழ போயிருச்சு, அதே ஊருகள்ள பொண்ணுப் பாத்துக் குடுக்கறாரு. எந்த ஊட்டுல கொமரி இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். நல்ல புள்ளைங்க. தமிழு தெரியாது. போன்ல வீடியோவுல பாத்துச் சிரிக்குது, நானும் சிரிக்கறேன். அதுக்கு மேல பேச்சு இல்ல. மாமியாளுக்கும் மருமகளுக்கும் அது நல்லதுதான்னு எங்கூட்டுக்காரரு வெள்ளியங்கிரி சொல்றாரு. பேரு எங்க வாய்ல நொழையுல. பத்திரிக்கையில மதுமதின்னு போட்டுட்டோம்.

சாதிங்களா? அத யாரு கேட்டா? அங்க வெவசாயக் குடும்பம்னு தீனதயாளன் சொன்னாரு. போதும்னுட்டோம். சீர் செய்யற அருமைக்காரருதான் விடுல, பொண்ணு என்ன கூட்டம், எந்தக் கொலம்னு கேட்டாரு. கூட்டம் தெரியாம எப்படிச் சீர் செய்யறதுன்னாரு. நாயந்தானுங்களே. எங்க அப்புசாமி மாமன்கிட்டப் போயி, பொண்ணுக்கு நீங்க தகப்பனா நில்லுங்கன்னேன். ஒரு வேட்டி, ஒரு சேலை எடுத்துக் குடுத்தோம். அவரு கூட்டமே அந்தப் புள்ளைக்கும் வந்துருச்சு. சாயங்காலம் போனேன், பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருச்சு.

எம்மகளும் அப்படித்தான். அமெரிக்காவுல வேலைக்குப் போன எடத்துல யாரையோ கட்டிக்கிட்டா. அவரு நம்மூரா வடக்கத்தியா, என்ன ஏதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மாப்ள தங்கமானவரு, ஊரெல்லாம் சொல்லியிருக்கறேன். தூரமா இருந்தா ஒண்ணும் தெரியறதில்லைங்க.

இன்னொண்ணு. நான் அஸ்தம்பட்டியில உங்க கம்பெனி ஆபீசுக்குப் போனது உங்க காதுக்கு வந்திருக்கும். வந்துச்சா? வந்திருக்கும்னு நெனச்சேன். உங்க மேல ஒரு குத்தமும் சொல்லலைங்க, சத்தியமா. இந்த ஊருக்கு வேற சூப்பர்வைசரு போடுங்கன்னு மட்டுந்தான் கேட்டேன். பெரிய சாரு, ஏம்மான்னாரு. உள்ளூருப் புள்ள, எங்களுக்குச் சங்கடமா இருக்குதுங்கன்னேன். அவரு சிரிச்சாரு. எங்க கம்பெனியில சாதி, மதம் ஒண்ணும் பாக்கறதில்ல, கோழி எடைய மட்டுந்தான் பாப்போம்னாரு. இந்த லைன்ல அந்தப் புள்ளதான் ஃபஸ்ட்டு, பிடிக்கலைன்னா அக்ரிமெண்டக் கேன்சல் பண்ணிக்கங்கன்னு பேனாவ வேற நீட்டுனாரு. ஏசி ரூம்ல உக்காந்துட்டு எவ்வளவு மரியாதையாச் சொன்னாருங்கறீங்க. நான் பஸ் ஏறி வந்துட்டேன்.

அத மனசுல வெச்சுக்கிட்டு எழுதிறாதீங்க, அவ்வளவுதான்.

ஆரோக்கியம் நல்லா இருக்கறாளா? உங்கம்மாவப் பாத்தே வெகு நாளாச்சு. முன்னயெல்லாம் சர்ச்சுத் தெருவுல இருந்து எங்க காட்டுக்குக் களை வெட்ட மொதல் ஆளா வருவா. அந்தா, அந்த வேப்பமரத்தடியிலதான் நிப்பா. பண்ணாடிச்சி, தண்ணிம்பா. நான் சொம்ப ஒசத்திப் புடிச்சு ஊத்துவேன், அவ கையேந்திக் குடிப்பா. ஒரு சொட்டு சேலையில சிந்தாது. நீங்க சின்னப் புள்ளையா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பீங்க. இப்ப அவ காட்டு வேலைக்கே போறதில்லையாமா? காலனியில மாடி ஊடு கட்டிட்டீங்கன்னு சொன்னாங்க. கட்டுங்க. உங்கம்மா என்னையப் பண்ணாடிச்சிம்பா, நீங்க ஃபார்மருங்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பண்ணாடிச்சின்னவளாவது மோரு குடுத்தா குடிப்பா.

அய்யோ, கெளம்பாதீங்க. வந்துருவான்னு சொல்றனே.

செரி, இனி என்ன மறைக்கறது. அவன் பம்புசெட்டுல இல்லைங்க. அந்தச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால உக்காந்திருக்கறான். நீங்க வந்தா அங்கதான் போயி உக்காருவான். பேட்ச்சு பேட்ச்சுக்கும் அப்படித்தான். நீங்க எழுதி வெச்சுட்டுப் போற சீட்டை அப்பறமா வந்து எடுத்துக்குவான்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதானே கண்ணு. நீங்க ரெண்டு பேரும் திருச்செங்கோட்டுக்கு ஒரே பஸ்ஸுல காலேஜு போயிட்டு வந்தப்ப, ஒரு நாள் சோத்துத் தட்டு முன்னால உக்காந்துட்டு, உங்க பேரச் சொல்லி, அம்மா, வினோலியாவக் கட்டிக்கட்டுமான்னான். நான் ரசம் ஊத்தட்டுமான்னேன். என்ற பக்கம் நடந்தது அவ்வளவுதான். அவங்கப்பன் மாட்டுக் கயித்த எடுத்துட்டு வந்து, இப்பவே தூக்கு மாட்டிக்கறேன்னாரு. புது ஊடு, எல்லாம் காங்கிரீட்டு. எங்க மாட்டறதுன்னு மேல பாத்துட்டே ரொம்ப நேரம் நின்னாரு. அப்பறம் மாட்டையே கட்டிட்டு வந்து படுத்துக்கிட்டாரு. இவன் அதுக்கப்பறம் பேசறத நிறுத்திட்டான். வேற சண்டை ஒண்ணும் நடக்குலைங்க எங்கூட்டுல.

உங்களுக்கு என்ன கொறை? படிப்பு இருக்குது, நெறம் இருக்குது, இப்பக் கம்பெனி வண்டியும் இருக்குது. இந்த ஒடிசாப் புள்ள பத்தாவது கூடத் தாண்டலை. அதென்ன சாமி கும்புடுதோ, அதுக்கப்பன் யாரு காட்டுல களை வெட்டுனானோ, யாருக்குத் தெரியும்? தெரியாதது ஊட்டுக்குள்ள வரலாமுங்க. உங்க ஊடு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சே. உங்கம்மா எந்த மரத்தடியில நின்னான்னு ஊருக்கே தெரியுமே. அது ஒண்ணுதான். நீங்களும் ஒடிசாவுல பொறந்திருந்தா இந்நேரம் எங்கூட்டு அடுப்படியில நின்னிருப்பீங்க.

ஏனுங்க சிரிக்கறீங்க?

என்னது? எப்ப? நேத்தே எழுதி அனுப்பிட்டீங்களா? வெசாழக்கெழமை குஞ்சு வருதா? அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க, குஞ்சுக்குச் சூடு குடுக்கற பல்பு எரியுதான்னு பாக்கறதுக்கு மட்டுந்தானா?

அட, அத வந்ததும் சொல்லியிருக்கக் கூடாதுங்களா மேடம். நான் இவ்வளவு தூரம் பேசியிருக்கவே மாட்டனே.

செரி, இந்தாங்க சாவி. என் மடியிலதான் இருந்துச்சு. பேசித்தான் ஆவோணும்னு வெச்சிருந்தேன். புடிங்க. கையிலயே வாங்கிக்கங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஏனுங்க, கையில வேண்டாமா? சேர் மேல வெச்சரட்டுங்களா?

ஓ, அதுவும் ரூலுங்களா.

செரிங்க, வெச்சுட்டேன். நான் அக்கட்டால தள்ளியே நின்னுக்கறேன், இந்த வேப்பமரத்தடியில. சாவிக்கும் மருந்து அடிக்கோணுமுங்களா? அடிங்க சாமி. நல்லா அடிங்க. நான் இப்பத்தான் அதத் தொட்டது.