தூசி என்ன கலர்?

சித்தார்த்: சார், கண்ண எடுங்க! கண்ண எடுங்க சார்! அந்தக் கேபிள் நுனிய மொதல்ல கீழ வைங்க!

பட்டாபிராமன்: ஏன்டா இப்படிக் கத்தற? லைட்டு வரதான்னு ஒத்தக் கண்ணால பாக்கப் போறேன். அவ்வளவுதானே?

சித்தார்த்: வந்தாலும் தெரியாது சார். கண்ணுக்குத் தெரியாத லேசர் அது. சத்தமில்லாம கண்ணப் பொசுக்கிரும். குடுங்க இப்படி... மூடி எங்க, மூடி... ம். போட்டாச்சு.

பட்டாபிராமன்: இந்தச் சேனலுக்கு நான் முதலாளியா, நீ முதலாளியா?

சித்தார்த்: நீங்கதான் சார். அதனாலதான் உங்க கண்ணு எங்களுக்கு வேணும். சம்பளச் செக்குல எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு தெரியணும்ல?

பட்டாபிராமன்: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. மணியைப் பாரு. பத்துக்கு சோழவந்தான்லேர்ந்து பொண்ணுங்க கபடி ஃபைனல், லைவ். இங்க நாலு கேமராவும் கருப்பு. செல்லூர் பூரா தறியை நிறுத்திட்டு டி.வி. முன்னாடி ஒக்காந்திருக்கு. அந்தப் பாண்டிமீனாவுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு.

சித்தார்த்: ஸ்பீக்கர் எதுக்கு சார், நானே பேசி...

பட்டாபிராமன்: போடுடா!

மீனா: டேய் எரும! எம்புட்டு நேரமா போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டியா...

சித்தார்த்: ஹலோ! பாண்டிமீனா மேடமா? முதலாளி பக்கத்துல இருக்காரு. நீங்க ஸ்பீக்கர்ல இருக்கீங்க.

மீனா: ...வணக்கம் சார். எருமைன்னு... இங்க ஒரு எருமையச் சொன்னேன் சார். கிரவுண்டுக்குள்ள வந்துருச்சு.

பட்டாபிராமன்: கேபிள் மேல எருமையா! அதான் படம் வரலையா?

மீனா: இல்ல சார், இல்ல சார்! அது... தாண்டிப் போயிருச்சு. கேபிள் கூடவே நடந்து பாத்துட்டேன். எங்கயும் நசுங்கல. கேமராமேன் சோணை அண்ணன் கம்பத்துல இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டிருந்தாரு. அதையும் அவுத்து பெரிய வளையமா விட்டாச்சு.

பட்டாபிராமன்: முடிச்சுப் போட்டா என்ன கெட்டுப் போச்சு?

மீனா: உள்ள இருக்கிறது கண்ணாடி சார். தலமுடி கனம்தான். இந்தப் பெட்டி நாலு கேமராப் படத்தையும் ஒண்ணாச் சேத்து, அந்த ஒத்த இழையிலதான் செல்லூருக்கு அனுப்புது. அது முறிஞ்சா நாலும் போச்சு.

பட்டாபிராமன்: நாலும் போய்த்தானேம்மா இருக்கு! இதோ பாரு. ஃபீல்டுக்கு ஒரு பொண்ணானு கேட்டவா எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டி உன்னை அங்க நிக்க வச்சிருக்கேன். பத்து மணிக்குப் படம் வரலைன்னு வை, பெட்டி அடுத்த டெக்னீஷியன் விக்ரம் கைக்குப் போயிடும். நீ இங்க வந்து விளம்பரம் ஓட்டு. விக்ரம் இப்பவே இன்னொரு போன்ல காத்துண்டிருக்கான்.

மீனா: படம் வரும் சார். விக்ரம் வேணாம் சார். அவரு கேபிள் நுனிக் கனெக்டரச் சட்டையில துடைக்கிற ஆளு.

பட்டாபிராமன்: நானும் சட்டையிலதான் துடைப்பேன்.

சித்தார்த்: தெரியும் சார்.

பட்டாபிராமன்: என்னது?

சித்தார்த்: மேடம், இங்க மீட்டர் வச்சுப் பாத்தேன். வெளிச்சம் வருது. ஆனா பேருக்குத்தான் வருது. வழியில எங்கயோ அடைப்பு. உங்க பெட்டி வாயில அழுக்கு இருக்கான்னு பாக்கணும்.

பட்டாபிராமன்: மீட்டரெல்லாம் எதுக்குடா? என் செல்போன் கேமராவைக் காட்டு. டி.வி. ரிமோட்டை அப்படித்தான் செக் பண்ணுவேன். பளிச்சுனு தெரியும்.

சித்தார்த்: ரிமோட் லைட்டு வேற சார். இது செல்போனுக்கும் தெரியாது. போன்ல தெரியலையேன்னு நம்பி நீங்க கண்ண வப்பீங்க... அந்தப் பக்கம் அவங்க துடைச்சு மாட்டுவாங்க... மாட்டுன நொடியில மொத்த வெளிச்சமும் உங்க கண்ணுக்குள்ள.

பட்டாபிராமன்: பகவானே! அந்த மூடி கெட்டியாத்தானே இருக்கு?

மீனா: நான் கழட்டப் போறேன். அங்கிருந்தும் என் பக்கம் ஒரு லேசர் வருதுல்ல... சித்தார்த் சார், உங்க பக்கம்?

சித்தார்த்: செல்லூர் ஆஃப்.

மீனா: செல்லூர் ஆஃப். சோழவந்தானும் ஆஃப்.

சித்தார்த்: சோழவந்தான் ஆஃப்.

பட்டாபிராமன்: என்ன, ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் திருப்பிச் சொல்றேள்? கல்யாண மந்திரமா?

சித்தார்த்: ரூல் சார்! ரெண்டு பக்கமும் ஆஃப்னு ரெண்டு வாயாலயும் வந்தாத்தான் கழட்டலாம்.

பட்டாபிராமன்: என் ரூலும் ஞாபகம் இருக்கட்டும். போன தடவை ஒரு ஜோடி காதல்னு சொல்லிண்டு நம்ம வேனோட ஓடிப் போச்சு. ஜோடி சந்தோஷமா இருக்கு, வேன் இன்னும் மெக்கானிக் கிட்ட இருக்கு. அன்னிக்குப் போட்டேன் ரூல். ஜோடின்னா ஒருத்தருக்குத்தான் இங்க வேலை.

சித்தார்த்: தெரியும் சார். வாரா வாரம் சொல்றீங்க.

பட்டாபிராமன்: ஊரே கல்யாணம் பண்ணிண்டுதான் இருக்கு. என் ஆத்துக்காரி ஸ்யாமளாகூடப் போன மாசம் யாருக்கோ கல்யாணம்னு பட்டுப்புடவை கட்டிண்டு கிளம்பினா. யாருக்குடின்னு கேட்டா, கை நிறைய சோழவந்தான் வெத்தலையோட வந்து நிக்கறா. எங்கே வேணா நடக்கட்டும். என் ஆபீஸ்ல நடக்கக் கூடாது.

மீனா: சார்... கழட்டிட்டேன்.

பட்டாபிராமன்: ஒரு ஊது ஊதும்மா.

மீனா: ஊதக் கூடாது சார். வாய் ஈரம் ஒட்டிக்கிரும்.

பட்டாபிராமன்: துப்பட்டா?

மீனா: நூல் ஒட்டும். இதுக்குன்னே ஒரு துணி இருக்கு சார். நீங்க மூக்குக் கண்ணாடி துடைக்கன்னு பாதியக் கிழிச்சுக்கிட்டுப் போனீங்களே, அந்தத் துணி.

பட்டாபிராமன்: ரொம்ப நன்னாத் துடைக்கறதும்மா அது.

மீனா: மிச்சத்த வச்சுத் துடைக்கிறேன்... ஒரே பக்கமா... மெதுவா... ஐயையோ.

சித்தார்த்: என்னாச்சு?

மீனா: டேய்... சித்தார்த் சார். இன்னும் ஸ்பீக்கர்லதான் இருக்கேனா?

சித்தார்த்: ஆமா மேடம். நல்லாவே இருக்கீங்க.

மீனா: ...ஒண்ணுமில்ல. தூசி.

பட்டாபிராமன்: என்ன தூசி?

மீனா: சும்மா... தூசி சார்.

பட்டாபிராமன்: என்ன கலர்?

மீனா: தூசி கலர் சார்.

பட்டாபிராமன்: மீனா...

மீனா: ...சிவப்பு.

சித்தார்த்: செங்கல் தூசி சார்! நம்ம பக்கத்துல வீடு கட்றாங்கல்ல...

மீனா: செம்மண்ணு சார்! கபடி கிரவுண்டுல...

பட்டாபிராமன்: செங்கலா, செம்மண்ணா?

சித்தார்த்: செங்கல்லயே மண்ணுலதானே சார் செய்யிறாங்க!

மீனா: எதுவா இருந்தாலும் குங்குமம் கிடையாது சார்.

பட்டாபிராமன்: நான் எப்போ குங்குமம்னு சொன்னேன்? நேத்து ஆயுத பூஜை. எல்லாப் பெட்டியும் இங்கேதான் இருந்தது. போன வருஷம் குங்குமம் கொட்டி ஆடியோ போர்டு ஒண்ணு வீணாச்சுன்னு, இந்தத் தடவை நானே நின்னு சந்தனம் மட்டும்தான் வச்சேன். அப்புறம் எப்படி...

சித்தார்த்: சார், மணி! மணியப் பாருங்க சார்! விசாரணைய அப்புறம் வச்சுக்கலாம்!

பட்டாபிராமன்: சீக்கிரம் மாட்டச் சொல்லுடா!

மீனா: மாட்டுறேன் சார். துணியோட சுத்தமான பக்கத்துல இன்னொரு தடவ துடைச்சாச்சு. பெட்டி வாயிக்குள்ளயும் குச்சி விட்டுச் சுத்தம் பண்ணியாச்சு. நுனி பாக்கிற குட்டிக் கேமராவுல பாத்துட்டேன், பளிங்கு மாதிரி இருக்கு. என் கண்ண வைக்கல... ம், மாட்டியாச்சு. அங்க?

சித்தார்த்: மாட்டியாச்சு.

மீனா: முதலாளி கண்ணு?

பட்டாபிராமன்: எங்கண்ணு எங்கிட்ட பத்திரமா இருக்கு! போடும்மா!

மீனா: சோழவந்தான் ஆன்.

சித்தார்த்: சோழவந்தான் ஆன். செல்லூர் ஆன்.

மீனா: செல்லூர் ஆன். ...வருதா?

சித்தார்த்: பாத்துக்கிட்டே இருக்கேன்.

மீனா: என்னப்பா, வருதா?

பட்டாபிராமன்: கருப்பாவே இருக்கேடா. விக்ரமைக் கூப்பிடட்டுமா?

சித்தார்த்: இருங்க சார்... இருங்க... ஒண்ணு வந்துருச்சு! ரெண்டு! நாலு! மூணு மட்டும் இன்னும் வரல. லைவ் போறேன் சார்... போயாச்சு!

பட்டாபிராமன்: அப்பாடா! மீனா, பெட்டி உன்னோடதுதான். விக்ரம், நீ போய்த் தூங்குடா.

மீனா: ரொம்ப நன்றி சார். அப்ப நான் போன வைக்கிறேன்...

பட்டாபிராமன்: வைக்காதே. என்னம்மா இது, முதல் கேமராவுல கிரவுண்டு முழுக்க ஆத்து மணலா இருக்கு? வெளேர்னு இருக்கே. செம்மண் எங்கே?

மீனா: அது... மேல மணல் சார். அடியில செம்மண்ணு.

பட்டாபிராமன்: அடியில இருக்கறது எப்படிம்மா பெட்டிக்குள்ள போச்சு?

மீனா: எரும... கிளறி விட்டிருச்சு சார்.

சித்தார்த்: சார், மூணாவது கேமராவும் வந்துருச்சு... ஐயோ.

பட்டாபிராமன்: என்னடா இது, ஸ்க்ரீன் பூரா ஒரு தலை?

மீனா: யாரு தல?

சித்தார்த்: மீனா, நிமிரு! தலயத் தூக்கு! மூணாவது கேமரா உன் பக்கம் திரும்பியிருக்கு!

மீனா: சோணை அண்ணே! டீ குடிக்கப் போறவரு கேமராவ வேற பக்கம் திருப்பிட்டுப் போகக் கூடாதா?

பட்டாபிராமன்: நிமிராதே! அப்படியே குனிஞ்சு இரும்மா. சித்தார்த், லைவ்ல இப்போ எந்தக் கேமரா போறது?

சித்தார்த்: ...மூணு சார். பதட்டத்துல கை பட்டிருச்சு.

பட்டாபிராமன்: ஒண்ணுக்கு மாத்துடா! செல்லூரே பாத்துண்டிருக்கு! ...மாத்தியாச்சா? இப்போ சொல்லும்மா. வகிட்டுல என்ன அது, சிவப்பா?

மீனா: செ... செம்மண்ணு சார்.

பட்டாபிராமன்: வகிட்டுலயா? டேய், நேத்து பூஜை நடக்கறப்போ பெட்டியைத் துடைக்கறோம்னு ரெண்டு பேரும் ரேக்குக்குப் பின்னாடி போனேளே...

சித்தார்த்: சார்... நேத்து நீங்க எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சீங்க. நான் ஒருத்தருக்குத்தான் வச்சேன். நீங்க வந்திருவீங்களோன்னு அவசரம் சார். கொஞ்சம் பெட்டி வாயில சிந்திருச்சு.

பட்டாபிராமன்: வாய்க்கு மூடி போடலையா?

மீனா: போடல சார். அது என் தப்பு. அது மட்டும்தான் தப்பு.

பட்டாபிராமன்: அப்போ கல்யாணமே ஆயிடுத்தா?

சித்தார்த்: போன மாசமே சார். சோழவந்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. இந்த ஃபைனல் முடிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லலாம்னுதான்...

பட்டாபிராமன்: என் ரூல் தெரிஞ்சும்! ஜோடின்னா ஒருத்தர்தான். சொல்லுங்கோ, யாரு வெளியில போறேள்?

மீனா: அத சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க சார். அவங்கதான் 'ரூல நான் பாத்துக்கிறேன், நீங்க தைரியமா கையெழுத்துப் போடுங்க'ன்னு சொன்னது.

பட்டாபிராமன்: என் ரூலைப் பாத்துக்கறதுக்கு அவன் யாருடா? என்ன தைரியம்! இப்பவே கூட்டிண்டு வா அந்தச் சாட்சியை! நேருக்கு நேர் நின்னு கேக்கறேன்!

மீனா: கூட்டிட்டு வர வேணாம் சார். சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போய் பெல் அடிச்சா, கதவத் தொறக்கப் போறதே அவங்கதான்.