காந்திமதிக்கண்ணி

பழுப்பு நிறம் யாருக்கும் பிடிப்பதில்லை. நானும் அந்த நிறத்தில் ஒரு சட்டைகூட வாங்கியதில்லை. வண்ணத்துப்பூச்சி என்றவுடன் உங்கள் மனதில் வருவதும் நீலமோ மஞ்சளோதான், மேடம். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் அப்படித்தான். எங்கள் செங்கல் ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் வேலிச் செம்பருத்தியில் உட்காரும் பூச்சிகளைப் போனில் படம் எடுப்பார்கள். அவர்கள் கால்மாட்டிலேயே, அழுகிய பலாச்சுளை ஒன்றின்மேல், பழுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை மிதித்துக்கொண்டு போவார்கள்.

அந்த மிதிபடுகிற பூச்சிதான் என்னுடையது. அதற்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு, எல்லாம் பழுப்பு. பூவை ஏறிட்டும் பார்க்காது. நிழலில் கிடக்கும், அந்தியில் பறக்கும். சிறகை மூடினால் சருகுதான். ஆனால் அந்தச் சருகின் ஓரத்தில் கண்கள் இருக்கும். மஞ்சள் வளையம், உள்ளே கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. எதையும் பார்க்காத கண்கள். குருவி அதைத் தலையென்று நினைத்துக் கொத்தும். சிறகோரம் கிழியும், பூச்சி பிழைத்துப் போய்விடும். குருவி என்ன நினைத்துக் கொத்தியது என்பதற்குப் பூச்சியைக் குற்றம் சொல்ல முடியாது.

நீங்கள் அஜேஷைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. புரிய வைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. தனுவச்சபுரத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் பேசியது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ் இருக்கும். எங்கள் குடும்பம் அப்படியல்ல. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் எழுத்தர்கள். ஆபீசில் மலையாளம் எழுதினார்கள், வீட்டுப் படி ஏறினால் தமிழ்தான்.

ஓய்வு பெற்றபிறகு இந்தப் பழுப்புகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைக்க ஆரம்பித்தேன். அப்படி அலைந்தபோதுதான் நெய்யாற்றின் நடுவே உள்ள ஒரு துருத்தில் அதைக் கண்டேன். துருத்து என்றால் உங்களுக்குத் தெரியும், ஆற்றுக்குள் நிற்கிற புல்மேடு. சிறகில் வரிசையாகப் பெரிய பெரிய கண்கள். அவ்வளவு அழகான கண்களை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை. யாரும் இதுவரை சொல்லாத இனம் என்று எனக்குப் பட்டது. காந்திமதிக்கண்ணி என்று பெயர் வைத்தேன். தன் பெயரையே வைத்துக்கொண்டான் என்று இங்கே சிலர் சிரித்ததாகக் கேள்வி. காந்திமதி என்பது அம்பாள் பெயர். நான் வெறும் காந்திமதிநாதன்தானே. பழுப்புகளைப் பற்றி என் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது, அட்டையில் அதன் படம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் வெளியீட்டு விழா.

அஜேஷ் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தார். சதாசிவனின் மகன். சதாசிவன் ரோட்டோரத்தில் டயர் கடை வைத்துப் பையனைப் படிக்க வைத்தவர். உழைத்து மேலே வந்த குடும்பம், எனக்கு அவர்களிடம் மரியாதை உண்டு. அஜேஷுக்கும் என்னிடம் மரியாதை உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாய்க்கு வலை கட்டி, உள்ளே புல் போட்டிருந்தார்.

"சாறே, தப்பா எடுக்காண்டாம். நீங்க புதுசுன்னு சொல்லுத பூச்சி புதுசு இல்ல. மழக்காலத்துல கண்ணு வரும், வெயில் காலத்துல போவும். ரெண்டும் ஒண்ணு ஆக்கும். கண்ணில்லாத ஒரு தள்ளைக்க முட்டைய எடுத்து வளத்தேன். ஈரத்துல வச்சதுக்குக் கண்ணு உண்டு, காஞ்ச எடத்துல வச்சதுக்கு இல்ல. பாருங்க."

தள்ளை. தாய் என்று ஒரு சொல் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. நான் ஜாடியைப் பார்க்கவில்லை. அவர் கேலி செய்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன், விஷயம் அத்தோடு தீர்ந்திருக்கும். அவர் கேலி செய்யவில்லை. என்னைத் தேற்றுகிறவர்போல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெஷமிக்காண்டாம் சாறே. விழாவுல நீங்களே சொல்லிருங்க, அச்சான பொறவு இப்படி ஒரு காரியம் தெரிஞ்சதுன்னு. நான் கூட நிக்கேன். நீங்க சொல்லலேன்னா நான் எந்திச்சு சொல்லணும், பிள்ளேளுக்குப் பாடம் எடுக்குத ஆளில்லியா நான்."

டயர் கடைக்காரர் மகன் எனக்குத் துணை நிற்கப் போகிறார். மேடையில், என் மாணவர்கள் முன்னால், என் தோளில் கை வைத்துக்கொண்டு. நான் அதைக் கற்பனை செய்து பார்த்தேன், மேடம். நீங்களும் ஒருமுறை பாருங்கள். அவமானம் என்ற சொல் எனக்கு அதற்குப் போதவில்லை.

ஆனாலும் நான் கோபப்படவில்லை. ஒரு நியாயமான கோரிக்கை வைத்தேன். நீங்கள் வளர்த்தது உங்கள் வீட்டுப் புல்லில் கிடைத்தது, நான் பிடித்தது துருத்தில், அங்கிருந்தே புழு எடுத்து வளர்த்துக் காட்டுங்கள், நானே மேடையில் சொல்கிறேன் என்றேன். படித்தவன் யாராக இருந்தாலும் ஒப்புக்கொள்வான். அவரும் ஒப்புக்கொண்டார், சந்தோஷமாகவே. எந்த நாள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஐப்பசி மாதம் பிறந்து, மலையில் நாள் முழுக்க மழை என்று ரேடியோவில் கேட்ட அன்று மாலை, நாளைக்குப் போகலாம் என்று போன் செய்தேன்.

இங்கே மழை இல்லை. நல்ல வெயில். கரையில் நின்றுகொண்டு, "மேல மழை உண்டா சாறே, அலெர்ட் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். வானத்தைப் பாருங்கள் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்குகிற ஆசிரியரை நான் என்ன செய்ய முடியும்? போன் நனைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலளவு ஓட்டத்தில் கல் பார்த்துக் கால் வைத்துத் துருத்துக்குப் போனார். பாதி வழியில் திரும்பி, பாறை வழுக்குது, நீங்க வராண்டாம் என்றார். எனக்கு வரும் உத்தேசமே இல்லை.

புல்லுக்குள் குனிந்து புழு தேடினார். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும், பொறுமையான வேலை, அதை அவர் நன்றாகச் செய்தார். இடையில் மேல் ரோட்டில் ஒரு ஜீப் போயிற்று. மைக்கில் சொல்லிக்கொண்டே போனார்கள், அணையில் ஷட்டரை உயர்த்துகிறார்கள், ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்று. அவர்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள், அவர்கள்மேல் பிழை சொல்ல மாட்டேன். கல்லில் மோதி ஓடுகிற ஆற்றின் சத்தத்தில் துருத்தில் இருப்பவருக்கு அது கேட்காது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போது அவர் போன் அடித்தது. திரையில் அஞ்சு என்று இருந்தது, அவர் மனைவி. அடித்து நின்றது, மறுபடி அடித்தது. பாறசாலையில் டிவியில் செய்தி ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. அடுத்தவர் போனை எடுத்துப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வெயில் ஏறியது. அவர் நிமிர்ந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். "சாறே, அந்த வீட்டு அக்காட்ட கொஞ்சம் வெள்ளம் கேளுங்க, தொண்ட காயுது." கரையில் இருப்பது செல்லபாயின் வீடு. கேட்டேன். "இப்ப கொண்டு வாறேன்" என்று உள்ளே போனாள். ஆற்றைப் பார்த்தேன். மேலே வளைவில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. சிவந்து, சருகும் நுரையுமாக வந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எச்சரித்தேன். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். கையைக் குவித்து, உரத்த குரலில், "வெள்ளம் வருது" என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. செல்லபாயும் அதைத்தானே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். "சாறு வெள்ளம் வருதுன்னு விளிச்சாரு, நான் செம்புல கொண்டு வாறதைச் சொல்லுதாருன்னு நெனச்சேன்" என்றாளாம். அவள் நினைப்பது அவள் பாடு. அஜேஷும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "வரட்டு சாறே, மெதுவா வந்தா மதி, அவசரமில்ல, நான் இங்க தான் உண்டு" என்றார். சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தார். செல்லபாய் செம்போடு படியிறங்கி வந்தபோது துருத்தில் புல் நுனி மட்டும் தெரிந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் அவருடைய செருப்பைக் கரையிலிருந்து எடுத்து மேலே வைத்தேன், அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று.

மறுநாள் துக்கத்துக்குப் போனேன். அஞ்சு என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "சாறு கூட இருந்தாரே, அது மதி. தனியா போவல்ல எனக்க ஆளு" என்றாள். ஆறுதல் சொன்னேன். பின்பக்கம் கை கழுவப் போனபோது ஜாடிகள் அலமாரியில் இருந்தன. மறுபடி வளர்த்திருக்கிறார், கூடுகள் உடைந்து பூச்சிகள் வந்திருந்தன. ஈரத்தில் வைத்த ஜாடியில் இருந்த அத்தனைக்கும் கண்கள் இருந்தன. என் காந்திமதிக்கண்ணிகள்தான், ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை. வலையைத் தூக்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். நெஞ்சை இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் போதும், துடிக்காது. எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் அவற்றைப் பார்த்துக்கொள்ள இனி யார் இருக்கிறார்கள்?

அஜேஷ் எப்படிப் புரிந்துகொள்வார் என்று உங்களுக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். தெரியாமல் பேச நான் என்ன குழந்தையா? ஏறி வா என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆறு நிறைந்து வருவதற்குத் தமிழில் வெள்ளம் என்று பெயர். குடிப்பதற்குத் தண்ணீர் என்று பெயர். எந்தப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். குடிக்கிற தண்ணீருக்கு இங்கே உள்ளவர்கள் மலையாளத்திலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கிக்கொண்டால், அதற்கு நான் கணக்குச் சொல்ல வேண்டுமா? அவர் செத்தது என் சொல்லால் இல்லை, அவருடைய பாஷையால். சரியான தமிழ் பேசிய ஒருவனைத் தண்டிக்க உங்கள் சட்டத்தில் இடமிருந்தால் தண்டியுங்கள். குடிக்கிற தண்ணீர் என்ற பொருளில் அந்தச் சொல் என் நாவில் ஒருநாளும் வந்ததில்லை. என் மனைவி ஆனந்தலட்சுமியைக் கேளுங்கள், கூடவே வாழ்ந்தவள், சொல்வாள்.

ஆனந்தலட்சுமியைக் கேட்டாயிற்று, அழுதாள் என்கிறீர்கள். அவள் எப்போதும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் அழுவாள்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிடுவேன், வருத்தப்படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் இருக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள். ரொம்ப நேரம் பேசிவிட்டேன், தொண்டை வறண்டு போயிற்று. வாசலில் நிற்கிற கான்ஸ்டபிளிடம் எனக்கு ஒரு கிளாஸ் வெள்ளம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏன் மேடம், பேனாவை மறுபடி எதற்கு எடுக்கிறீர்கள்?