நோயாளியைப் பார்க்கப் போகும் முறை

கணினியில் படிக்கும் பாடங்களில் எனக்குப் பிடித்த விஷயம், தப்பாகப் பதில் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதுதான். ஒரு சிவப்புக் கட்டம் வரும், ‘மீண்டும் முயலுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

அவசரம் வேண்டாம், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன். என்னை யாரும் இழுத்து வரவில்லை, உங்கள் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு நானாகத்தான் வந்தேன் என்பதை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சலவை ஆலையில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கணினி, நான். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி வண்டி வண்டியாக வரும், வெளுத்து இஸ்திரி போட்டு மடித்துத் திருப்பி அனுப்புவோம். பதினான்கு சூப்பர்வைசர்கள். அதில் ஒருவர் என் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். நான் கணவரைவிட்டுப் பிரிந்து வந்து மூன்று மாதம் அக்கா வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்தபோது, எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவர் கெட்டவர் என்று எழுதிவிடாதீர்கள்.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து இருபத்தாறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் ஒரே தேசத்து ஆட்கள். வந்த இரண்டாவது வாரமே சண்டை. சொன்னது புரியவில்லை, கேட்டால் பதில் இல்லை, சும்மா சிரிக்கிறார்கள் என்று புகார். தலைமை அலுவலகம் ஒரு இணையவழிப் படிப்பை வாங்கிப் போட்டது. வேற்றுப் பண்பாட்டு மனிதர்களோடு பழகுவது எப்படி என்று பன்னிரண்டு பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் தேர்வு. சூப்பர்வைசர்கள் ஒரு மாதத்தில் முடித்தாக வேண்டும். முடிக்க வைப்பது என் பொறுப்பு.

ஒருவரும் உட்காரவில்லை. ஒருவர் கண்ணாடியைக் காணோம் என்றார், இன்னொருவர் தலை சுற்றுகிறது என்றார். அத்தான் நேராகவே சொல்லிவிட்டார்.

“அவன்தானே இங்க பொழைக்க வந்திருக்கான்? அவன்தான் நம்மளப் படிக்கணும். நீயே எனக்கும் சேத்துப் போட்டு விட்டுடும்மா.”

போட்டு விட்டேன். அவருக்குப் போட்டது தெரிந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ‘சொந்த அனுபவம் ஒன்றை எழுதுக’ என்று ஒரு கேள்வி உண்டு. பதினான்கு பேருக்கும் பதினான்கு அனுபவம் கட்டினேன். அத்தானை ரொம்பப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆக, அந்தப் படிப்பை நான் பதினான்கு முறை படித்தேன். முதல் முறை ஐம்பத்தெட்டு மதிப்பெண்தான். கடைசியில் நூற்றுக்கு நூறு. ஆலையில் அந்த மனிதர்களைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இனி, கை போனவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் “சரிங்க” என்பார், அதனால் எல்லோரும் அவரைச் ‘சரிங்க’ என்றே கூப்பிட்டோம். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பதை நெருங்கிய ஆள். ஊரில் மனைவி, பத்து வயதில் ஒரு பெண். இரண்டு பேர் சேர்ந்து மடிக்கிற பெரிய படுக்கை விரிப்பை, ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனி ஆளாக மடிப்பார். மூலைக்கு மூலை சேர்ந்திருக்கும். என்னை அக்கா என்பார்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். நான் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு, இஸ்திரி உருளைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். உருளையில் ஒரு விரிப்பு சுற்றிக்கொண்டது. நிறுத்தி, ஆறவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும். மறுபடி சூடேற முக்கால் மணி நேரம் பிடிக்கும். வாசலில் மருத்துவமனை வண்டி நின்றுகொண்டிருந்தது. அத்தான் ‘சரிங்க’வைக் கூப்பிட்டார்.

“ஓடும்போதே ஓரத்தைப் புடிச்சு ஒரே இழு. நான் எத்தனை தடவ செஞ்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது. என்ன, செஞ்சுடுவியா?”

அவர் உருளையைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார். “சரிங்க” என்றார்.

நான்காவது பாடத்தில் இது இருக்கிறது. அந்த மக்கள் பெரியவர்களிடம் முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தால் அது மறுப்பு. அதைப் பார்த்ததும் நாம்தான் கட்டளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெரியவர் அப்படிச் செய்யாவிட்டால், அவர்கள் சொன்னதைச் செய்தே தீருவார்கள்.

“பாரு, சிரிக்கிறான். தைரியமான ஆளு” என்றார் அத்தான்.

நான் ஆறடி தூரத்தில் சுத்தியலோடு நின்றிருந்தேன். ‘அத்தான், அவர் வேணாங்குறார்’ என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அங்கே மடிப்பு மேசையில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள், இன்னும் இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தானை யாரும் திருத்துவதில்லை. அவர் கட்டிலுக்குத் திருகாணியை மாற்றிப் பூட்டினால்கூட, அவர் வெளியே போகும்வரை அக்கா காத்திருந்து, பிறகுதான் கழற்றிப் பூட்டுவாள். அத்தனை பேர் முன்னால், அவர் வாங்கிக் கொடுத்த வேலையில் நின்றுகொண்டு, அவருக்கு நான் பாடம் எடுப்பதா என்று தோன்றியது. முழுங்கிவிட்டேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத மக்கள் என்று அவர்களைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியிருந்தார்கள். எங்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

யாரோ அவசரப் பொத்தானை அழுத்தினார்கள். உருளையைத் தூக்கிக் கையை வெளியே எடுக்க நான்கு நிமிடம் ஆனது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“அவரு சாப்பிட மாட்டேங்குறாருடி. வேலை போயிட்டா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. நீ படிச்சவ. எதாவது பண்ணு.”

விசாரணை நடக்கும், இது யார் தவறு என்று முடிவு செய்வார்கள் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் தவறு என்றால் அத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ‘சரிங்க’ வேலையில் இருக்கலாம், செயற்கைக் கையும் சிகிச்சையும் ஆலையின் பொறுப்பு. தொழிலாளி சொன்னதைக் கேட்காமல் செய்தார் என்றால் அவருடைய வேலை அனுமதி ரத்து, சிகிச்சையோடு எல்லாமே ரத்து, விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று எங்கேயும் எழுத வேண்டாம்.

அக்காவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முக்கால்வாசி உண்மைதான். மிச்சம் கால்வாசி என் பயம். விசாரணை என்று வந்தால் அந்தச் சான்றிதழ்களைத் தோண்டுவார்கள். பதினான்கு பேரும் ஒரே கணினியில், ஒரே மாதிரி மத்தியான வேளையில் தேர்வு எழுதியது பதிவில் இருக்கிறது.

ஒன்பதாவது பாடத்தின் தலைப்பு ‘நோயாளியைப் பார்க்கப் போகும் முறை’. அந்த மக்களிடம் அது பெரிய காரியம். நோயாளியைவிடத் தாழ்வான இடத்தில் உட்கார வேண்டும். முதல் முறை நோயைப் பற்றிப் பேசக் கூடாது, வீட்டாரைப் பற்றி விசாரிக்க வேண்டும். கையால் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டு போக வேண்டும். இரண்டாவது முறை, அவர் களைப்பதற்கு முன் எழுந்துவிட வேண்டும். மூன்று முறை வந்தவர் வீட்டு மனுஷர் ஆகிவிடுவார். அவர் என்ன கேட்டாலும் படுத்திருப்பவர் இல்லை என்று சொல்ல மாட்டார், சொன்னால் நோய் அந்த வீட்டைவிட்டுப் போகாது என்று நம்புகிறார்கள். பக்கத்தின் அடியில் மஞ்சள் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. இந்த மரியாதையை அலுவலகக் காரியங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று. தேர்விலும் அது கேள்வியாக வரும். பதினான்கு முறையும் சரியாகத்தான் பதில் போட்டேன்.

முதல் முறை போனபோது ஒரு தலையணை உறை தைத்துக் கொண்டுபோனேன். கால் வைக்கும் சிறு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய்க் கட்டுப் போட்ட கையை விரிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். பிறகு விரிப்பின் மூலையைத் தூக்கிக் காட்டினார். அதில் எங்கள் ஆலையின் முத்திரை.

“அக்கா, ஷீட்டு நம்மளோடது. மடிப்பு சரியில்ல. யாரு மடிக்கிறாங்க இப்போ?”

இரண்டு பேரும் சிரித்தோம். அது மறுப்புச் சிரிப்பு இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது முறை, போனில் மகளின் படத்தைக் காட்டினார். முன்பல் ஒன்று கோணலாக இருந்தது. அப்பா லீவில் இருப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறாராம். தினமும் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், வலது கை எங்கே என்று அவள் இன்னும் கேட்கவில்லையாம். “கேட்டா என்ன சொல்றது, அக்கா?” என்றார். அவர் களைப்பதற்கு முன் எழுந்துவிட்டேன்.

அந்த இரண்டு முறையும் நான் மனசார, அக்கறையோடுதான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்றாவது முறை தாளைக் கொண்டுபோனேன். அவர் மொழியிலும் இருந்தது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள், அதனால் நானே மொழிபெயர்க்கச் செய்து அச்சிட்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்தும்படி சூப்பர்வைசர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை, தவறு என்னுடையது. இவ்வளவுதான் வாசகம். அவர் உதடு அசைய இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிறகு சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார்.

அந்தக் கணத்தில் தாளை மடித்துப் பைக்குள் வைத்திருக்கலாம். எனக்குப் புரியாமல் இல்லை. ஆலையில் எனக்கு மட்டும்தான் புரியும். நான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

“அக்கா கேக்குறீங்க” என்றார். “சரிங்க.”

இடது கையால் போட்டதால் கையெழுத்து கோணல்மாணலாக வந்தது. அவரே அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

மிச்சம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. விசாரணை ஒரே நாளில் முடிந்தது. அத்தான் வேலையில் இருக்கிறார், சாப்பிடுகிறார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “இந்த ஆளுங்ககிட்டப் பேசத் தெரிஞ்சது உங்களுக்குத்தாம்மா” என்றார். எல்லாக் கிளைகளுக்கும் நானே நேரில் போய் இந்தப் படிப்பை நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். ‘சரிங்க’ ஊருக்குக் கிளம்பும் அன்று, சொல்லிக்கொண்டு போக என் அறைக்கு வந்தாராம். நான் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் காத்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து என் முகத்தை என்னால் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. அவர் போய்ப் பத்து நாள் ஆகிறது. அந்தத் தாள் செல்லாது என்று நீங்கள் எழுதினால் அவருக்குச் சிகிச்சை திரும்பக் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தேன். என் வேலை போகட்டும். அத்தான் வேலையும் போகட்டும். அக்கா இனி என்னோடு பேச மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தாள் உங்கள் மேசைமேல் இருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ நீங்களே பார்த்துவிடுவீர்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சான தேதி இருக்கும். முதல்முறையாகத் தலையணை உறையை எடுத்துக்கொண்டு நான் அவரைப் பார்க்கப் போனது, அதற்கு அடுத்த நாள்.