வெல்லக்கட்டித் திருடன்

மாரிகுப்பம் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தங்கச் சுரங்கத் தொழிலாளியும் அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளியின் மகள், ஊரில் மாமன் வீட்டில் வளர்ந்தவள், பள்ளிக்கூடம் போகிற வயது, அப்பாவை அடையாளம் தெரியாமல் மாமன் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்தாள். நான் புத்தகம் படிப்பதுபோல் நடித்தேன்.

“இன்னா ஆட்டம் ஆடினா கொழந்த எங்கிட்ட வரும், மச்சான்? கண்ணாமூச்சி?” என்று மைத்துனரைக் கேட்டார் அப்பா.

“வண்டி ஏறினதுலருந்து அதைத்தானே ஆடிக்கினு கீது, மாமா!”

“நொண்டி?”

“ஓடுற வண்டியிலயா? நீங்க உழுந்தா யாரு தூக்குறது?”

அப்பா திரும்பி நின்று, தலைப்பாகையில் எதையோ செருகிக்கொண்டு கைகளை உயர்த்தினார்.

“கண்ணு, வேலை முடிஞ்சு மேல வந்தா, தங்கம் திருடினோமான்னு வாச்மேன் எங்களைத் தடவிப் பார்ப்பாரு. இப்ப நீதான் வாச்மேன். எங்கிட்ட வெல்லக்கட்டி கீது. புடி பாக்கலாம்!”

குழந்தை எட்டிப்பார்த்தாள். மெல்ல வந்து மடியைத் தடவினாள். காதுக்குள் பார்த்தாள்.

“மேல பாரு, மேல!” என்று கத்தினார் மாமன்.

“வாச்மேனுக்கு யாரும் சொல்லித் தரக்கூடாது!”

எனக்கும் இடம் தெரியும். புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பலகைமேல் ஏறித் தலைப்பாகையை உருவினாள்.

“கெடைச்சிருச்சு! திருடன்!” வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். “மாட்டிக்கினே! உடமாட்டேன்!”

“உடாதம்மா,” என்றார் திருடன்.